பத்தொன்பது போட்ட கற்கள்

சுட்ட குடமிளகாயின் தோலை உரித்துக்கொண்டே விதொசாவா விதி சொன்னாள். மகள் தூன்யா மடிக்கணினியில் தட்டினாள். அம்மாவின் கைகள் முழங்கை வரை கரியும் சிவப்பு நீருமாக இருந்ததால் விசைப்பலகையைத் தொட முடியாது. அதுதான் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. அன்று அது வெறும் சனிக்கிழமை வேலை.

“எழுது. ஒருத்தர் நிலை ‘உயிரோடு’ன்னு இருக்கு. கல்லுல இறந்த வருஷம் பாதி வெட்டியிருக்கு. அப்படின்னா பார்த்த நாள் இருக்கணும், பார்த்தவர் பேர் இருக்கணும்.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா பிழை.”

“பிழைக்கு என்ன வாக்கியம் போடட்டும்?”

விதொசாவா ஒரு மிளகாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒட்டியிருந்த விதையை நகத்தால் எடுத்தாள். “இப்படிப் போடு. ‘உயிரோட இருக்கார்னு சொல்றே. யார் பார்த்தது?’”

“அம்மா, இது ஆபீஸ் ஃபைல்.”

“ஆபீஸ்ல படிக்கிறது மனுஷங்கதானே? வெறும் நம்பர் போட்டா ஒருத்தனும் நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்க்க மாட்டான். நீ நோவி சாத்ல உட்கார்ந்து பேங்குக்கு எழுதுறியே, அந்த மாதிரி எழுதாதே. ஒரு எழவும் புரியாது.”

“புரியாம எழுதத்தான் சம்பளம் தர்றாங்க.”

“தருவாங்க, தருவாங்க. மிளகாய் உரிக்கத் தெரியாதவளுக்கே தர்றாங்களே.”

திஸா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில், கணவன் முதலில் போனால் கல் வைக்கும்போதே மனைவியின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். மனைவி முதலில் போனால் கணவனுக்கும் அப்படியே. பீங்கானில் பதித்த படமும் இருக்கும். பிறந்த வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு வெற்றிடம். உயிரோடு இருப்பவள் ஞாயிற்றுக்கிழமை வந்து தன் படத்தின் மேல் படிந்த தூசியைத் தானே துடைத்துவிட்டுப் போவாள். ஊரில் இதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

வம்பை இழுத்துவிட்டவன் பழைய கல்தச்சன். கோட்டுக்குப் பிறகு ‘19’ என்று அவன் முன்கூட்டியே வெட்டிவிடுவான். பிறகு இரண்டு எண் வெட்டினால் போதும், வேலை மிச்சம். அந்த நூற்றாண்டைத் தாண்டி ஒருவர் இருப்பார் என்று அவன் நினைக்கவே இல்லை. தன் கல்லிலும் அப்படித்தான் வெட்டிக்கொண்டான். தொண்ணூற்றொன்பது டிசம்பரில் செத்தும் போனான். “சொன்ன சொல்லைக் காப்பாத்தினவன் அவன் ஒருத்தன்தான்” என்பாள் விதொசாவா.

சிலர் காப்பாற்றவில்லை. அவர்களை ஊரில் பத்தொன்பதுக்காரர்கள் என்றார்கள். ரொட்டிக் கடையில் அவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். மரியாதைக்கா, பக்கத்தில் நிற்கப் பிடிக்காமலா என்று யாரும் சொன்னதில்லை. விதொசாவாவும் பத்தொன்பதுக்காரிதான். தூன்யாவின் அப்பா திஹொமிர் தொண்ணூற்றொன்றில் மாரடைப்பில் போனார். கல்லில் அவர் தோளருகே சிரிக்கும் விதொசாவாவைவிட இன்றைய தூன்யாவுக்கு வயது அதிகம்.

அவள் அந்த ஊருக்கு வந்தது சர்க்கரை ஆலை வேலைக்கு. ஆலையில் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நின்ற கணினிக்கு அட்டைகளில் துளை போட்டாள். பிறகு அதற்கு நிரல் எழுதினாள். ஆலை மூடியபோது நகராட்சி அவளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தைக் கொடுத்தது. ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்து, அதில் உள்ளதை உள்ளபடி எழுதி, ஊரின் இறந்தவர்களை எல்லாம் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் ஏற்றினாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கோப்பை வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் கொடுக்க அவசரப்படவில்லை.

கோப்பில் ஒரு ஆளுக்கு ஒரு பதிவு. பதிவின் மேல் பண்புகள்: நிலை, பிறந்த வருஷம், இறந்த வருஷம், இடம். எந்தப் பண்பு எப்போது இருக்க வேண்டும், எப்போது இருக்கக் கூடாது என்று சொல்வது ஸ்கீமா. விதொசாவா முதலில் எழுதிய ஸ்கீமா தேவாலயத்து மெழுகுவத்தித் தட்டுகளைப் போன்றது. மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த் தட்டு இறந்தவர்களுக்கு. உயிரோடு என்றால் இறந்த வருஷம் வரவே கூடாது. இறந்தவர் என்றால் வந்தே தீர வேண்டும். கல்லில் பாதி வருஷம் வெட்டியிருந்தவர்களை மட்டும் அவள் மேல் தட்டில் வைத்து, வருஷத்தை எழுதாமல் விட்டாள்.

ஆனால் ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு இளைஞன் வந்து கற்களைப் படம் எடுத்துப் போனான். ‘கல்லில் உள்ளது கோப்பில் இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் ‘19’ஐச் சேர்த்தாள். மேலிடத்தில் இருந்த நிரல் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஆள் இறந்ததாக எடுத்துக்கொண்டது. உரிமையாளர் இல்லாத இடம் என்று, பத்தொன்பதுக்காரி கோசாராவுக்குக் கணவன் பக்கத்தில் இருந்த கல்லறை இடத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கோசாரா அப்போது உயிரோடு இருந்தாள், சந்தையில் முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். மறு வருஷம் இறந்தபோது அவளைக் கணவனிடமிருந்து விலக்கி, வேலி ஓரத்தில் புதைத்தார்கள். கணவன் கல்லில் அவள் படம் இன்னும் இருக்கிறது. அதன் அடியில் படுத்திருப்பது வேறு யாரோ.

விதொசாவா அதை மறக்கவில்லை. மீதி ஐந்து பேர் இருந்தார்கள், அவளைச் சேர்க்காமல். அவர்களில் ஒருவருடைய இடமும் போகக் கூடாது என்று ஸ்கீமாவைத் திருப்பி எழுதினாள். ஸ்கீமா எழுதும் மொழிகளில் இலக்கணம் மட்டும் பார்ப்பவற்றில் ‘இதுவா அதுவா’ என்று சொல்லலாம், அதற்கு மேல் பேச்சில்லை. ஸ்கெமட்ரான் என்ற மொழியில் ‘இப்படி இருந்தால் அது இருக்க வேண்டும்’ என்று எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். தவறினால் நாம் எழுதி வைத்த வாக்கியத்தை அது திருப்பிச் சொல்லும். அதுதான் அவளுக்குப் பிடித்தது. உயிரோடு இருப்பவருக்குப் பாதி வருஷம் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒருவர் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். தன்னைத் தானே பார்த்ததாக எழுதக் கூடாது. மேலிடம் ஒப்புக்கொண்டது. அந்த விதிகளைத்தான் கடைசிச் சனிக்கிழமை, பிழை வாக்கியங்களைச் சேர்த்து, தூன்யாவைப் புதிதாகத் தட்டச் சொன்னாள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அவள் ஐந்து வீட்டுக்கும் நடந்து போய், வாசலில் நின்று, “பார்த்துட்டேன்” என்பாள். அதற்கும் ஒரு வழக்கம் முளைத்துவிட்டது. வழியில் பார்ப்பது சேராது, கணக்குக்கு என்று வருஷத்துக்கு ஒரு முறைதான் பார்க்கலாம், இரண்டாம் முறை பார்த்தால் கல்லில் மீதி எண் விழுந்துவிடும் என்று பத்தொன்பதுக்காரர்கள் நம்பினார்கள். விதொசாவா சிரித்துக்கொண்டே அதை அனுசரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் சொன்ன கடைசி விதி வேறு. “பார்த்தவரும் பார்த்த நாள்ல உயிரோட இருந்திருக்கணும்.”

தூன்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செத்தவங்க யாரும்மா வீடு வீடாப் போய்ப் பார்க்கப் போறாங்க?”

“எனக்கப்புறம் ஒரு சோம்பேறி வருவான். போன வருஷத்துப் பேரை அப்படியே ஒட்டிடுவான். எழுதுடி, உனக்கென்ன கை வலிக்குதா?”

தூன்யா எழுதினாள். பிறகு விதொசாவா எழுந்து சமையலறை வாசலில் நின்றாள், கரிக் கைகளை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்தபடி. “என்னையும் பார்த்துக்கோ. இந்த வருஷக் கணக்கு.”

“பார்த்துட்டேன்” என்றாள் தூன்யா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“நிமிர்ந்து பாருடி.”

நிமிர்ந்து பார்த்தாள். எழுதினாள். மாலைப் பேருந்தில் நோவி சாதுக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை, காபி பொங்கி அடுப்பு அணைந்திருக்க, விதொசாவா நாற்காலியில் இருந்தாள். பார்த்தவள் பக்கத்து வீட்டு ஸ்தானா. அவளும் பத்தொன்பதுக்காரி. செவ்வாய்க்கிழமை அடக்கம். கால்கள் வீங்கி எந்தக் காலணியும் ஏறாததால் தூன்யா அம்மாவுக்கு வீட்டுச் செருப்பையே மாட்டிவிட்டாள். அது குளிப்பாட்டிய பெண்ணுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். மேலே துணி போர்த்தியிருந்தது.

கோப்பு திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை தூன்யா அம்மாவின் மேசையில் உட்கார்ந்து சரிபார்ப்பை ஓட்டினாள். வரிசையாக ஐந்து முறை வந்தது, அம்மாவின் குரலில் வர வேண்டிய வாக்கியம்: உயிரோட இருக்கார்னு சொல்றே. யார் பார்த்தது?

அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்தானாவின் கேட் உள்ளே தாழ் போட்டிருந்தது. பலகைக்குப் பின்னால் மூச்சு மட்டும் கேட்டது.

“ஸ்தானா அத்தை, திறங்க. பார்த்துட்டுப் போயிடறேன்.”

“வேண்டாம்டி கண்ணு. பார்த்தாச்சு.”

“யார் பார்த்தது?”

“உங்கம்மாதான். வியாழக்கிழமை.”

தூன்யா கேட்டின் குளிர்ந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, செவ்வாய்க்கிழமை புதைச்சோம்.”

“எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிவிட்டதே நான்தானே.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வியாழக்கிழமை வந்தா. நீ நிக்கிற இடத்துலதான் நின்னா. ‘பார்த்துட்டேன் ஸ்தானா’ன்னா. போயிட்டா. இன்னொரு தடவை பார்க்கக் கூடாது, உனக்கே தெரியும். போய் ஏதாவது சாப்பிடு, குரலே பட்டினியா இருக்கு.”

ஆலைத் தெருவில் வசித்த இரண்டு விதவைச் சகோதரிகள் கதவருகே கூட வரவில்லை. மாடியிலிருந்து ஒரே குரலாக, “ஆச்சு, ஆச்சு, வியாழக்கிழமையே ஆச்சு” என்றார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கிளிகோரியே ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு பேசினார்.

“வாடி பொண்ணே. அங்கேயே நில்லு. திரையைத் தொட்டே, குச்சியால அடிப்பேன்.”

“மாமா, நீங்களுமா?”

“நானும்தான். மத்தியானம் வந்தா. செருப்போட. ‘என்ன விதா, ஊர் சுத்த வீட்டுச் செருப்பா?’ன்னு கேட்டேன். சிரிச்சா. ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் நீட்டினேன், வாங்கலை.”

செருப்பைப் பற்றித் தூன்யா யாரிடமும் சொல்லவில்லை.

“உயிரோட இருந்தப்ப மட்டும் வாங்குவாங்களா?” என்று எதையோ கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

“வாங்குவாளாவா! ரெண்டா வாங்குவா. அதுலதான் எனக்கே கொஞ்சம் திக்குன்னுச்சு.”

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தாள். குரலைக் கேட்டது பார்த்ததாகாது. அம்மாவின் விதியில் அதற்கு இடம் இல்லை. அவள் பொய் எழுதுகிறவள் அல்ல. ஆனாலும் விரல்கள் போயின. நான்கு பதிவுகளில் பார்த்த நாள் வியாழக்கிழமை என்றும், பார்த்தவர் விதொசாவா என்றும் எழுதினாள். சரிபார்ப்பை ஓட்டினாள்.

நான்கும் சரியென்று போயின. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஐந்தாவது ஆளுக்கு மட்டும் பிழை வந்தது.

அவள் அசையாமல் இருந்தாள். கோப்பில் அம்மா இன்னும் உயிரோடு இருந்தாள். நிலை: உயிரோடு. கல்லில்: 19. பார்த்தவர்: தூன்யா. அதனால் வியாழக்கிழமை அம்மா நடந்ததை ஸ்கீமா ஒப்புக்கொண்டது. அதை மாற்றாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்கு கிழவர்களும் பிழைப்பார்கள், அம்மாவும் இருப்பாள். அடுத்த வீட்டில் யாரோ மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும் வரை காத்திருந்தாள். பிறகு அம்மாவின் பதிவைத் திறந்து, நிலையை மாற்றி, ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டாள். மறுபடி ஓட்டினாள்.

பார்த்தவர் அதுக்கு முன்னாலயே போயிட்டார். வேற ஆளை அனுப்பு.

நான்கு முறை வந்தது. அம்மா சொல்ல, அவள் கையாலேயே தட்டிய வாக்கியம். தட்டியது ஞாபகம் இருந்தது. இவ்வளவு அதட்டலாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

“சரி, அனுப்பறேன்” என்றாள் காலி அறையில்.

சனிக்கிழமை அம்மாவின் கல்லறையில் பாதிரியார் ஓதி முடித்த பிறகு, வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட் பொடியும் சேர்த்த கோதுமையைத் தட்டில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இறந்தவர் பெயரால் வரும் கோதுமையை அந்த ஊரில் யாரும் கதவுக்குப் பின்னால் நின்று வாங்க முடியாது. வெளியே வந்து, சிலுவை போட்டு, தன் கையால் கரண்டி எடுத்து, கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்லித்தான் வாயில் போட வேண்டும். மறுத்தால் இறந்தவளை மறுத்ததாகும்.

தாழ் விலகியது. ஸ்தானா கண்ணை இறுக மூடிக்கொண்டு கரண்டியைத் தேடினாள், தான் பார்க்காவிட்டால் தன்னையும் பார்க்க முடியாது என்பது போல. சகோதரிகள் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். தூன்யா “பார்த்துட்டேன்” என்று சொல்லவில்லை. கோதுமையை நீட்டினாள், அவ்வளவுதான். கண் தானாகப் பார்த்தது.

கிளிகோரியே மட்டும் நேராக நின்றார். மென்று முடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

“நல்லா ஏமாத்தறடி. அவ பொண்ணுதான் நீ.”

“கோதுமை கொடுக்க வந்தேன் மாமா.”

“கொடு, கொடு. என் பொண்டாட்டி பக்கத்துல படுக்கணும் எனக்கு. எழுதிக்கோ. மீதி எண் விழுந்தா விழட்டும், இந்த முட்டி வலியோட எத்தனை நாள்தான்.” கதவைச் சாத்தப் போனவர் நின்றார். “அக்கரைக்குப் போறியா?”

“ஆமா.”

“பிரோஷ்காகிட்ட இந்தக் கோதுமை பலிக்காது. அவ கத்தோலிக்கக்காரி, ஹங்கேரியக் குடும்பம், அவங்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. திறக்கலைன்னா என்ன பண்ணுவே?”

தூன்யா தட்டைத் துணியால் மூடினாள். படகுத்துறைக்கு நடந்தாள்.

கம்பியில் ஓடும் பெரிய படகில் அவளும் ஒரு டிராக்டரும்தான். படகுக்காரன் அவள் கறுப்பு உடையைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான்.

“வியாழக்கிழமை எங்கம்மா இதுல வந்தாங்களா?” கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது.

அவன் அதில் எதையும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. “வியாழனா? வியாழன் பூரா பேய்க் காத்து. படகு கரையை விட்டு அசையலை. யார் வந்திருந்தாலும் திரும்பித்தான் போயிருக்கணும்.”

பிரோஷ்காவின் வீடு சோளக் கொல்லைகளுக்கு நடுவில் தனியாக இருந்தது. தட்டத் தேவையே இருக்கவில்லை. கேட் அகலத் திறந்திருந்தது, வீட்டுக் கதவும். வாசல் படியில் பிரோஷ்கா உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

“நீ விதாவோட பொண்ணு” என்றாள். “அவ வரலையே.”

“அம்மா இறந்துட்டாங்க அத்தை.”

“கேள்விப்பட்டேன். மத்தவங்ககிட்டப் போனாளாமே. ரொட்டி வண்டிக்காரன் சொன்னான். நானும் வியாழக்கிழமையிலேர்ந்து கேட்டைச் சாத்தாம வச்சிருக்கேன், பாரு. கோழி பூரா வெளியே போயிடுச்சு.”

தூன்யா அவளைப் பார்த்தாள், மறைக்காமல், அவசரப்படாமல். ஒடிந்த முன்பல், கழுத்தில் கம்பளித் துண்டு, சுருக்கங்களுக்கு நடுவில் தெளிவான நீலக் கண். பிரோஷ்கா முகத்தைத் திருப்பவில்லை.

“பார்த்துட்டேன்” என்றாள் தூன்யா.

“பார்த்துட்டியா? சரி.” ஊசிகள் இரண்டு தடவை கோத்துக்கொண்டு நின்றன. “அப்ப என் இடம் இருக்கும்?”

“இருக்கும்.”

“அப்ப இதுக்காக அவ வர வேண்டியதில்லை.”

“வர வேண்டியதில்லை.”

பிரோஷ்கா மடியில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள். சாம்பல் நிறக் காலுறை, குதிகால் வரை வந்து நின்றிருந்தது. “நூல் பத்தலை. போன மாசமே சொன்னேன். அடுத்த தடவை வரும்போது ஒரு கண்டு வாங்கிட்டு வரேன்னா.”

“கடைத்தெருவுலதானே? நான் வாங்கித் தர்றேன் அத்தை. நாளைக்கே படகுல வரேன்.”

“நீ எதுக்கு?” பிரோஷ்கா காலுறையைச் சுருட்டி மேலங்கிப் பையில் வைத்தாள். “அவ சொன்னா, அவளே கொண்டு வரட்டும். நீ அதையும் கொண்டு வந்துட்டா அவளுக்கு இந்தப் பக்கம் வேற என்ன வேலை இருக்கு?”

தூன்யா இக்கரைக்கு வந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே கோப்பு போயிற்று. பிழை எதுவும் இல்லை. பிறகு பேருந்து நிலையத்துக்குக் கடைத்தெரு வழியாக நடந்தாள். நூல் கடை திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால், கீழ்த் தட்டில், சாம்பல் நிறக் கண்டுகள் அடுக்கியிருந்தன. கடைக்காரி அவளை அடையாளம் கண்டு கையசைத்தாள்.

தூன்யாவும் கையசைத்துவிட்டு, உள்ளே போகாமல் நடந்தாள்.